ரஷ்ய நாகான்ட் ரிவால்வர் சேகரிக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பழைய ரஷ்ய ராணுவ ரிவால்வர் பத்தி திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு இது. வாங்கி வைக்கப் போறவங்களுக்கும் சரி, வாங்க முடியாது ஆனா படிச்சுத் தெரிஞ்சுக்க ஆசைங்கறவங்களுக்கும் சரி, நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: விக்கிறவர் சொல்ற கதைய விட்டுடுங்க, இரும்புல என்ன அடிச்சிருக்குன்னு பாருங்க.

ரஷ்ய ராணுவ ரிவால்வர்னா எது எது?

முக்கியமா ரெண்டு. ஒண்ணு 1871-ல இருந்து வாங்க ஆரம்பிச்ச அமெரிக்கக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸனோட ரிவால்வர், அமெரிக்காக்காரங்க அதை "ரஷ்யன் மாடல்"னு சொல்வாங்க. இன்னொண்ணு 1895 மாடல் நாகான்ட், ஏழு தோட்டா பிடிக்கும். இன்னைக்கு யாராவது "என்கிட்ட ஒரு பழைய ரஷ்யன் ரிவால்வர் இருக்கு"ன்னா பெரும்பாலும் அது நாகான்ட்தான், ஏன்னா இருபது லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. அதனால இங்க பாதிக்கு மேல நாகான்ட் பேச்சுதான்.

பேரைப் பார்த்தா ரஷ்யப் பேரு மாதிரி இல்லையே?

இல்லதான். லியோன் நாகான்ட் பெல்ஜியம்காரர், லியேஜ் ஊர்ல அண்ணன் எமிலோட சேர்ந்து துப்பாக்கிப் பட்டறை வச்சிருந்தவர். 1891-ல ரஷ்யா புது ரைஃபிள் எடுத்தப்ப இவரோட டிசைனும் கேப்டன் மோசினோட டிசைனும்தான் மோதுச்சு, கடைசில மோசினோடதை எடுத்துக்கிட்டாங்க, ஆனா நாகான்ட் டிசைன்ல இருந்தும் சில விஷயம் சேர்ந்துச்சு, அதுக்கு அவருக்குப் பணமும் கொடுத்தாங்க. அந்தப் பழக்கத்துலதான் ரிவால்வர் ஆர்டரும் வந்துச்சு. முதல் 20,000 லியேஜ்லயே செஞ்சு அனுப்பினாங்க, 1898-ல இருந்து தூலா தொழிற்சாலையில ரஷ்யாவே செய்ய ஆரம்பிச்சிடுச்சு. லியோன் 1900-லயே இறந்துட்டாரு, அவரோட ரிவால்வர் அதுக்கப்புறம் ரெண்டு உலகப் போரும் ஒரு புரட்சியும் பார்த்துச்சு.

ஏன் 7.62 மில்லிமீட்டர்? ரைஃபிளும் அதே சைஸ்தானே?

ஆமா அதே சைஸ். அப்ப ரஷ்யாவுல அளவை லைன் கணக்குல சொல்வாங்க, ஒரு லைன்னா ஒரு இஞ்சுல பத்துல ஒரு பங்கு, 2.54 மில்லிமீட்டர். மூணு லைன் 7.62. ரைஃபிள் பேரல் (குழல்) செய்யற அதே கருவிகளை ரிவால்வர் பேரலுக்கும் வச்சுக்கலாம்ங்கறது பெரிய வசதி. ஆனா தோட்டா வேற வேற, ரைஃபிள் தோட்டா இதுல போகவே போகாது, "ரெண்டும் 7.62 தானே"ன்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க அதான் சொல்றேன்.

சிலிண்டர் முன்னாடி நகரும்ங்கறாங்களே, அது எப்படி?

இதுதான் நாகான்ட்டோட உயிர். எந்த ரிவால்வர் எடுத்தாலும் தோட்டா வைக்கிற சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும், இல்லைன்னா சிலிண்டர் சுத்தாது. சுடும்போது வெடிமருந்து வாயு கொஞ்சம் அந்த வழியா பக்கவாட்டுல சீறும். நாகான்ட்ல ஹேமரை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல்) பின்னாடி இழுத்தீங்கன்னா சிலிண்டர் மொதல்ல ஒரு அறை சுத்தி, அப்புறம் அப்படியே முன்னாடி தள்ளி பேரலோட பின்பக்கத்துல போய் உக்காந்துக்கும், பின்னாடி இருந்து ஒரு இரும்புக் கட்டை தோட்டாவை அழுத்திப் பிடிச்சுக்கும். விரலை ட்ரிகர்ல இருந்து முழுசா எடுத்ததும் ஸ்பிரிங் அதை பழைய இடத்துக்குத் தள்ளிடும்.

அது மட்டும் பத்தாது, தோட்டாவும் அதுக்குன்னே செஞ்சது. சாதாரண தோட்டாவுல ஈய முனை வெளிய தெரியும்ல, இதுல முனை வெளியவே தெரியாது, வெடிமருந்து அடைச்ச பித்தளைக் கூடு, அதாவது கேஸ், புல்லட்டைத் தாண்டி நீளமா போய் வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகி இருக்கும். மொதல் தடவை பாக்கறவங்க "இது காலி கேஸா"ன்னுதான் கேப்பாங்க. சிலிண்டர் முன்னாடி போகும்போது அந்தப் பித்தளை வாய் பேரலுக்குள்ள கொஞ்சம் நுழைஞ்சுடும், வெடிக்கும்போது அது விரிஞ்சு இடைவெளிய முழுசா அடைச்சுடும். இந்த ஐடியா நாகான்ட்டுக்கு முன்னாடியே லியேஜ்ல ஆன்ரி பீப்பர்ங்கறவர் காப்புரிமை வாங்கி வச்சிருந்த ஐடியா, ராணுவம் லட்சக்கணக்குல பயன்படுத்தற அளவுக்கு அதைக் கொண்டு போனது நாகான்ட்.

அதனால நிஜமாவே பிரயோஜனம் இருந்துச்சா?

என் கருத்து, போட்ட உழைப்புக்கு கிடைச்ச பலன் கம்மி. புல்லட் வேகம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதுக்கு பதிலா ட்ரிகர் கனமாச்சு, தோட்டா இதுக்குன்னே தனியா செய்ய வேண்டியதாச்சு, ரீலோடு மெதுவாச்சு. வலது பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்து சிலிண்டரோட அச்சுக்குள்ள இருக்கற கம்பிய உருவி திருப்பி, ஒவ்வொரு காலி கேஸையும் ஒவ்வொண்ணா தள்ளி, அப்புறம் ஒவ்வொண்ணா போடணும், ஏழு தடவை. அதே காலத்துல இங்கிலாந்தோட வெப்லிய மடக்கினா ஆறு கேஸும் ஒரே தட்டுல வெளிய வந்துடும்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இது தனியா நின்னுச்சு. வாயு பக்கவாட்டுல ஒழுகாததால சைலன்சர் இதுல உருப்படியா வேலை செஞ்சுச்சு, மத்த ரிவால்வர்ல அது வீண். சோவியத்ல மீத்தின் சகோதரர்கள் செஞ்ச பிராமித்ங்கற சைலன்சர போர்ல வேவு பாக்கற படைங்க பயன்படுத்தினாங்க. அதெல்லாம் இப்ப மியூசியத்துல பாக்க வேண்டிய சாமான், வீட்டுல வைக்கிற சாமான் இல்ல.

அண்ணா, ட்ரிகர் இழுக்கவே முடியல, கெட்டுப்போச்சா?

கெடல தம்பி, அது அப்படித்தான். ஹேமரைத் தூக்காம நேரா ட்ரிகரை இழுத்தா ஒன்பது கிலோவுக்கு மேல அழுத்தம் கேக்கும். ஒரே விரலோட அசைவுல சிலிண்டர் சுத்தணும், முன்னாடி நகரணும், பின்னாடி கட்டை எழணும், ஹேமர் தூக்கணும், எல்லாம் சேர்ந்து அந்தக் கனம். ஹேமரை கட்டைவிரலால தூக்கி வச்சுட்டு இழுத்தா பரவால்ல.

இதுல ஒரு வரலாறும் இருக்கு. ஜார் காலத்துல சிப்பாய்ங்களுக்குக் கொடுத்ததுல ஒவ்வொரு தடவையும் ஹேமரை கையால தூக்கித்தான் ஆகணும், ஆஃபீஸருங்களோடது மட்டும் ட்ரிகரை இழுத்தாலே சுடும். சிப்பாய் கையில கொடுத்தா தோட்டாவை வீணடிப்பான்னு அன்னைக்கு மேலிடத்து நினைப்பு. புரட்சிக்கு அப்புறம் அந்த வித்தியாசத்தை எடுத்துட்டாங்க, பழைய சிப்பாய் மாடல் நிறைய ஆஃபீஸர் மாடலா மாத்தப்பட்டுச்சு. அதனால மாத்தாத சிப்பாய் மாடல் கையில கிடைச்சா அதுக்குத் தனி மதிப்பு.

எந்த வருஷம், எங்க செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஃப்ரேமோட, அதாவது ரிவால்வர் உடம்போட, இடது பக்கத்தைப் பாருங்க. லியேஜ்ல செஞ்சதுன்னா லத்தீன் எழுத்துல நாகான்ட் பேரும் ஊர் பேரும் இருக்கும். தூலா, ஜார் காலம்னா நீள்வட்டமா ரஷ்ய எழுத்துல தொழிற்சாலைப் பேரும் வருஷமும். 1912-ல அந்தத் தொழிற்சாலைக்கு 200 வருஷம் ஆச்சு, அப்ப மகா பீட்டர் பேரை வச்சாங்க, அதுக்குப் பிந்தின முத்திரையில அந்தப் பேரும் சேர்ந்து நீளமாயிடும். ரஷ்யன் படிக்கத் தெரியலைன்னாலும் ஒரு வழி இருக்கு, பழைய எழுத்துமுறையில வார்த்தை முடியற இடத்துல இங்கிலீஷ் சின்ன பி (b) எழுத்து மாதிரி தலையில ஒரு கொம்போட ஒரு எழுத்து நிக்கும், 1918 எழுத்துச் சீர்திருத்தத்துல அதை வார்த்தைக் கடைசியில இருந்து தூக்கிட்டாங்க. அது இருந்தா பழைய காலத்து முத்திரைன்னு ஒரு கைப்பிடி கிடைச்சுடும்.

சோவியத் தூலாவுக்கு நட்சத்திரம், பலதுல அதுக்குள்ள ஒரு அம்பு. முக்கோணத்துக்குள்ள அம்பு இருந்தா அது இஷெவ்ஸ்க் ஊர்த் தொழிற்சாலை. 1941 இலையுதிர் காலத்துல ஜெர்மன் டாங்கிங்க தூலா வாசல் வரைக்கும் வந்துடுச்சு, தொழிற்சாலை மெஷின்களைக் கழட்டி ரயில்ல ஏத்தி கிழக்க அனுப்பினாங்க, ரிவால்வர் வேலை இஷெவ்ஸ்க்ல தொடர்ந்துச்சு. அதான் போர்க்கால நாகான்ட்ல இந்த முக்கோணத்தை அதிகம் பாக்கறோம்.

அந்தப் போர்க்கால பீஸ் ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. 1943-ல செஞ்ச ஒண்ணு நான் வச்சிருக்கேன், ஃப்ரேம் முழுக்க அரம் ஓடின கோடு, கட்டர் சுத்தின வளைவு கூட அப்படியே தெரியும், பாலிஷ் போட யாருக்கும் நேரமில்ல. ஆனா சிலிண்டர் அறைக்குள்ள விளக்கடிச்சுப் பார்த்தா கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு. வெளிய எங்க விட்டுக்கொடுக்கலாம், உள்ள எங்க விடவே கூடாதுன்னு அந்தப் பட்டறைக்காரங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. 1900-கள்ல செஞ்ச தூலா பீஸ் ஒண்ணைப் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒரே மாடல்னு நம்பறதே கஷ்டம்.

சதுரத்துக்குள்ள ஒரு குறுக்குக் கோடு இருக்கே, அது என்ன?

போருக்கு அப்புறம் ராணுவக் கிடங்குல எடுத்துக் கழட்டி, தேய்ஞ்சதை மாத்தி, புதுசா கருப்பேத்தி, எண்ணெய் தடவி எடுத்து வச்சதோட அடையாளம்னு சேகரிக்கிறவங்க எடுத்துக்கறாங்க. இன்னைக்கு சந்தையில இருக்கற நாகான்ட்ல பெரும்பகுதி இப்படி மறுசீரமைச்சதுதான். பளபளன்னு புதுசு மாதிரி இருக்கும், கைப்பிடி மரத்துல அரக்கு பூசி செந்நிறமா மின்னும், அதைப் பார்த்து "80 வருஷமா பொட்டியிலேயே இருந்த சரக்கு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இதுல நம்பர் விஷயம் முக்கியம். ஃப்ரேம், பேரல், சிலிண்டர், ட்ரிகர் கார்டுன்னு பல பார்ட்ல சீரியல் நம்பர் அடிச்சிருப்பாங்க. கிடங்குல நூத்துக்கணக்குல ஒண்ணா கழட்டினப்ப பார்ட்டெல்லாம் கலந்துபோச்சு, சேர்க்கும்போது பழைய நம்பரை அடிச்சுட்டோ அரம் போட்டு எடுத்துட்டோ ஃப்ரேம் நம்பரை அதுல புதுசா அடிச்சாங்க. எல்லாம் ஒரே நம்பர்னு காட்டும், ஆனா எழுத்தோட வடிவம், ஆழம், வரிசை எல்லாம் பார்ட்டுக்குப் பார்ட் வித்தியாசப்படும். லென்ஸ் வச்சுப் பாருங்க. ஒரு எண்ணுக்கு அடியில இன்னொரு எண்ணோட நிழல் தெரியுதான்னு தேடுங்க. பழைய அடி மேல புது கருப்பு ஏறியிருந்தா எழுத்தோட ஓரம் மழுங்கி இருக்கும், மாத்தாத பீஸ்ல ஓரம் கூர்மையா நிக்கும்.

இதெல்லாம் குறைன்னு நான் சொல்லல. அந்தக் கிடங்கு வேலையும் அந்த ரிவால்வரோட வரலாறுதான். ஒரிஜினல்னு சொல்லி ஒரிஜினல் விலை கேக்கறப்பதான் பிரச்சனை.

எதெல்லாம் அபூர்வம்?

லியேஜ்ல செஞ்ச முதல் 20,000. மாத்தாம தப்பிச்ச சிப்பாய் மாடல். போலந்து ராடோம்ல 1930-கள்ல செஞ்ச என்ஜி 30, இதுவும் ஏறக்குறைய 20,000 தான், வேலைப்பாடு ரொம்ப சுத்தமா இருக்கும், கையில எடுத்தாலே தெரியும். ஃபின்லாந்து ராணுவம் கைப்பத்தினதுல சதுர அடைப்புக்குள்ள எஸ்ஏன்னு முத்திரை இருக்கும், அதுக்குன்னே தனியா சேகரிக்கிறவங்க உண்டு.

பேரலும் கைப்பிடியும் குட்டையா இருக்கற கமாண்டர் மாடல் ஒண்ணு இருக்கு, கோட்டுக்குள்ள மறைச்சு வைக்கறதுக்காக உளவுத்துறை ஆளுங்களுக்காக செஞ்சது. ஒரிஜினல் கிடைக்கறது ரொம்ப ரொம்ப கஷ்டம், சாதாரண பேரலை அறுத்து அதுன்னு விக்கறது ரொம்ப ரொம்ப சுலபம். அறுத்ததுல முன்சைட்டோட (பேரல் நுனியில குறி பாக்கற மேடு) உக்காந்த இடம் சரியா இருக்காது, கைப்பிடி ஃப்ரேமும் முழு நீளமாவே இருக்கும். இதுல சந்தேகம் வந்தா வாங்காதீங்க.

ஸ்மித் அண்ட் வெஸன் எப்படி ரஷ்யாவுக்குப் போச்சு?

இது பெரிய கதை. அமெரிக்காவுல ரஷ்ய ராணுவத்துக்கு ஆயுதம் வாங்க ஜெனரல் அலெக்ஸாண்டர் கோர்லோவ்னு ஒருத்தர் இருந்தார். 1871-ல 20,000 ரிவால்வருக்கு ஆர்டர் போட்டாரு. அவரு வாங்கிட்டு மட்டும் போகல, மாத்தச் சொன்னாரு. அப்ப இருந்த தோட்டாவுல புல்லட் கேஸோட வெளி அளவுக்கே இருக்கும், அதுல தடவின கிரீஸ் வெளிய இருந்து தூசியெல்லாம் ஒட்டும். புல்லட் கேஸுக்குள்ள உக்காரணும், கிரீஸும் உள்ளயே இருக்கணும்னு ரஷ்யாக்காரங்க கேட்டாங்க, அதுல இருந்து வந்ததுதான் .44 ரஷ்யன் தோட்டா. பின்னாடி வந்த .44 ஸ்பெஷல், .44 மேக்னம் எல்லாம் இதை நீட்டி நீட்டி செஞ்ச வாரிசுகள். ஒரு வெளிநாட்டு ராணுவம் கேட்ட ஒரு திருத்தம் அமெரிக்கத் தோட்டாவோட வடிவத்தையே மாத்திடுச்சு, எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

ரெண்டாவது மாடல்ல கைப்பிடிக்கு மேல ஒரு முடிச்சும் ட்ரிகர் கார்டுக்குக் கீழ ஒரு கொக்கியும் வரும், பார்த்தா உடனே அடையாளம் தெரியும். பேரல் மேல ரஷ்ய எழுத்துல கம்பெனிப் பேரும் ரெட்டைத் தலைக் கழுகும் இருந்தா அது ராணுவ ஆர்டர் பீஸ். ஜார் மகன் அலெக்ஸிஸ் 1871 கடைசியில அமெரிக்கா சுத்தி வந்தப்ப ஸ்பிரிங்ஃபீல்டுல இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் தொழிற்சாலைக்குப் போனாரு, சித்திர வேலை செஞ்ச ஒரு ரிவால்வர பரிசா வாங்கினாரு, அடுத்த மாசமே பஃபலோ பில்லோட காட்டெருமை வேட்டைக்கும் போனாரு.

கம்பெனிக்கு இது கொட்டின பணம். ஆனா ரஷ்யா கொஞ்ச நாள்லயே அதே டிசைனை பெர்லின்ல லுட்விக் லோவே கம்பெனியிலயும் அப்புறம் தூலாவுலயும் செய்ய வச்சிடுச்சு. அதனால உங்க கையில இருக்கறது அமெரிக்கப் பீஸா, பெர்லினா, தூலாவான்னு மொதல்ல பேரல் எழுத்தைப் படிச்சு முடிவு பண்ணுங்க, விலை மூணுக்கும் ஒண்ணு இல்ல.

"இது ஜார் குடும்பத்தைச் சுட்ட துப்பாக்கி வகை"ன்னு சொல்லி விலை கூட்டறாங்களே?

வகைன்னா லட்சக்கணக்குல இருக்கு. 1918 ஜூலையில எகடெரின்பர்க் வீட்டு நிலவறையில நாகான்ட்டும் இருந்துச்சு, ஆனா சுட்ட குழுவோட தலைவர் யுரோவ்ஸ்கி கையில இருந்தது மவுஸரும் கோல்ட்டும். 1934 டிசம்பர் 1-ந் தேதி லெனின்கிராட்ல கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் செர்கேய் கீரவ்வை நிக்கலாயெவ் சுட்டது நாகான்ட்ல, அது உண்மை. அந்த ஒரு கொலைய வச்சு ஸ்டாலின் ஆரம்பிச்ச வேட்டையில எத்தனையோ லட்சம் குடும்பம் அழிஞ்சுது. அந்த வருஷங்கள்ல உளவுத்துறை ஆளுங்க இடுப்புல இருந்ததும் இதே ரிவால்வர்தான். இதை விலை ஏத்தற விளம்பரமா பேசறது எனக்குச் சரியா படல. குறிப்பிட்ட ஒரு பீஸுக்குக் கதை சொன்னா, சீரியல் நம்பரோட ஒரு காகிதம் கேளுங்க. காகிதம் இல்லைன்னா கதைக்குக் காசு கொடுக்காதீங்க.

வேற தோட்டா போட்டு சுடலாமா?

.32 தோட்டா சிலது உள்ள போகும்ங்கறதுக்காக போடறவங்க இருக்காங்க, கேஸ் பிதுங்கி கிழியும், அடைப்பும் வேலை செய்யாது. வேண்டாம். சரியான தோட்டாவை இத்தாலி ஃபியோக்கியும் செர்பியா பிர்வி பார்ட்டிஸானும் செஞ்சிருக்காங்க. பழைய சோவியத் தோட்டா சுட்டா ப்ரைமர்ல (தோட்டா அடியில பத்த வைக்கற மருந்து) இருக்கற உப்பு பேரலைத் துரு பிடிக்க வச்சிடும், எண்ணெய் மட்டும் போட்டா போகாது, அன்னைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, காயவச்சு, அப்புறம்தான் எண்ணெய்.

பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கிடவா?

கூடவே கூடாது! முத்திரை மழுங்கினா அந்தத் துப்பாக்கியோட வாக்குமூலமே போச்சு. மெல்லிய எண்ணெய், மெத்துன்னு ஒரு துணி, அது போதும். தோல் உறைக்குள்ளயே வச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும்.

இப்ப விலை எப்படி?

அமெரிக்காவுல 2000-கள்ல நூறு டாலருக்கும் கீழ, உறை, சுத்தம் செய்யற கம்பி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் சேர்த்துக் கொடுத்தாங்க. சோவியத் உடைஞ்சதும் கிடங்கு கிடங்கா வெளிய வந்த சரக்கு அது. அந்த வரத்து நின்னதும் விலை பல மடங்கு ஏறிடுச்சு. ரஷ்யாவுக்குள்ள இன்னொரு சோகம், நல்ல நல்ல நாகான்ட்டையெல்லாம் சத்தம் மட்டும் போடற சிக்னல் ரிவால்வராவும் ரப்பர் குண்டு போடற "நாகானிச்"சாவும் மாத்தி வித்தாங்க. துளை போட்ட பேரல் திரும்ப வராது. அதுல ஜார் காலத்துப் பீஸும் போயிருக்குன்னு நினைச்சா மனசு வலிக்குது.

இந்தியாவுல வச்சுக்கலாமா? வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்களுக்கு?

இந்தியாவுல ஆயுதச் சட்டம் 1959, லைசென்ஸ் இல்லாம தொடவே கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான். திரும்பச் சரி பண்ணிக்கூட சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா எது அந்த வகைன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, வக்கீலையும் லைசென்ஸ் அதிகாரியையும் கேட்டுட்டு செய்யுங்க. அமெரிக்க மத்திய சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சது பழம்பொருள், அதனால 1898 வரைக்கும் செஞ்ச லியேஜ் நாகான்ட் அதுக்குள்ள வருது, மாநிலச் சட்டம் வேற மாதிரி இருக்கலாம். பிரிட்டன்ல 2021-ல வழக்கொழிஞ்ச தோட்டா பட்டியல்ல இருந்து .44 ரஷ்யனை எடுத்துட்டாங்க, லண்டன்ல தாத்தா காலத்து ஸ்மித் அண்ட் வெஸனை ஷோகேஸ்ல வச்சிருந்தா இதைக் கட்டாயம் பாருங்க. கனடாவுல 2022 அக்டோபர்ல இருந்து கைத்துப்பாக்கி கைமாத்தறதுக்கே தடை.

துப்பாக்கியே வாங்காம ஆராய்ச்சி பண்ண முடியுமா பிரதர்?

தாராளமா, நான் அதைத்தான் மொதல்ல செய்யச் சொல்வேன். ரஷ்ய எழுத்து 33-தான், ஒரு வாரத்துல படிச்சுடலாம், முத்திரை வாசிக்க அது போதும். தூலாவுல ஆயுத மியூசியம் இருக்கு, 2012-ல திறந்த புதுக் கட்டடம் பழைய ரஷ்ய வீரனோட தலைக்கவசம் மாதிரியே இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பீரங்கி மியூசியம், இங்கிலாந்துல லீட்ஸ் ராயல் ஆர்மரீஸ், லியேஜ்ல கிராண்ட் கர்டியஸ் மியூசியம். ஜார் கால ராணுவக் காகிதம் மாஸ்கோவுல இருக்கற ராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்துல இருக்கு. ஸ்மித் அண்ட் வெஸன்னா அந்தக் கம்பெனியோட வரலாற்று அறக்கட்டளைக்கு சீரியல் நம்பர் அனுப்பி கட்டணம் கட்டினா, எப்ப யாருக்கு அனுப்பினதுன்னு பழைய பதிவேட்டுல பார்த்து கடிதம் கொடுப்பாங்க.

வீட்டுல உக்காந்தே செய்யறதுன்னா ஏலத்துக்கு வர்ற நாகான்ட் படங்களைச் சேமிச்சு ஒரு ஷீட் போடுங்க, வருஷம், தொழிற்சாலை முத்திரை, சீரியல் நம்பர், கிடங்கு முத்திரை இருக்கா இல்லையான்னு நாலு பத்தி போதும். கொஞ்சம் சேர்ந்ததுமே எந்த வருஷத்து முத்திரை எப்படி இருக்கணும்னு கண்ணு பழகிடும், போலிய படத்துலயே பிடிச்சுடுவீங்க. படம் எடுக்கறவங்ககிட்ட கேட்டு இடது பக்கம் ஃப்ரேமையும் சிலிண்டர் நம்பரையும் சாய்வான வெளிச்சத்துல எடுக்கச் சொல்லுங்க, ஃபிளாஷ் போட்டா எல்லாம் வெளுத்துப்போய் ஒண்ணும் தெரியாது.